கடல் இரைச்சலும் கணீர்க் குரலும்

ஜும்ஆ தொழுது, பகல் சோறு தின்று, பாத்திரங்கள் கழுவி முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தக் கெசட்டைப் போடுவார்கள். ரியாதில் வேலை செய்த என் அண்ணன், காக்கா, அனுப்பியது. 1980களில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்கு இது பழகிய காட்சி. எழுத நேரமில்லாதவர்களும் எழுத வராதவர்களும் எழுத்தில் அடங்காததைச் சொல்ல நினைத்தவர்களும் கெசட்டில் பேசி அனுப்பினார்கள். விடுமுறையில் வரும் கூட்டாளியின் பெட்டிக்குள், சவர்க்காரத்துக்கும் சேலைக்கும் நடுவில் சுற்றி வைக்கப்பட்டு, ஒரு குரல் ஊர் வந்து சேரும்.

பொத்தானை அழுத்தினால் முதலில் வருவது ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல். அதற்குப் பின்னால் ஏதோ ஓர் இயந்திரத்தின் உறுமல். பிறகுதான், “அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா.”

“அந்த இரையிற சத்தத்த நிப்பாட்ட ஏலாதா மகன்? கடலுக்குப் பக்கத்தில நிண்டு பேசிற மாதிரி இரிக்கி” என்பார் உம்மா. நான் ஒரு குமிழைத் திருகுவேன். இரைச்சல் குறையும்; கூடவே காக்காவின் குரலும் போர்வைக்குள் போய்விடும். “வேணா, விடு” என்பார்.

கெசட்டின் முடிவில் இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஹனிபாவின் பாட்டொன்றைக் காக்கா பாடியிருந்தார். சுருதி சேரவில்லை. உச்சத்தில் மூச்சு வாங்கியது. அந்தப் பகுதியை உம்மா எத்தனை தடவை திருப்பிப் போடச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு நண்பரின் வீட்டில், ஊரில் ஒரு வளவு வாங்கப் போதுமான விலையுள்ள ஒலிக்கருவிகளின் முன்னால் உட்கார்ந்தேன். இசைத்தட்டு சுழன்றது. இரைச்சல் என்பதே இல்லை. சக்சபோன்காரர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. தூரத்து மேசையில் கண்ணாடிக் குவளை உரசுவது கேட்டது. வியந்துபோனேன். வீடு திரும்பும் வழியில் அந்த மெட்டை முணுமுணுக்க முயன்றபோது ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மேசையில் உரசிய குவளை மட்டும் காதில் நின்றது.

ஒலியின் தரத்துக்கும் இசையின் பெறுமதிக்கும் என்ன உறவு? கேள்வி ரசனையைப் பற்றியதுபோலத் தோன்றும். ஆனால் அதன் பாதி விடை பௌதிகத்திலும் காதின் அமைப்பிலும் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேட அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

உம்மா சொன்ன கடல்

முதலில் அந்த இரைச்சல். உம்மாவின் உவமை பௌதிகப்படியும் சரியானது.

கரையில் அலை உடையும்போது கோடிக்கணக்கான காற்றுக்குமிழ்கள் உருவாகின்றன. ஒவ்வொரு குமிழும் பிறக்கும் கணத்தில் மிகச் சிறிய மணிபோல ஒலிக்கிறது. சிறியது கீச்சென்றும் பெரியது சற்றுக் கனத்தும் ஒலிக்கும். எந்தக் குமிழும் மற்றக் குமிழைக் கேட்டு ஒலிப்பதில்லை. ஒழுங்கில்லாத அத்தனை சிறு ஒலிகளும் கூடினால் வருவதுதான் நாம் இரவில் பாயில் படுத்துக் கேட்கும் கடல்.

கெசட் நாடாவிலும் இதுவே நடக்கிறது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஒட்சைட்டின் நுண்துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பதிவு செய்யாத வெற்று நாடாவிலும் அந்தக் காந்தங்கள் தாறுமாறாகத் திரும்பிக் கிடக்கும். நாடா கருவியின் வாசிப்புத் தலையைக் கடக்கும்போது ஒவ்வொரு துகளும் சிறு மின்துடிப்பை எழுப்புகிறது. அவற்றின் கூட்டுத்தொகைதான் ‘ஸ்ஸ்ஸ்’.

துகள்கள் அதிகமானால் தாறுமாறு சராசரியாகி அடங்கும். ஒலிப்பதிவு நிலையங்களின் நாடா அதனால்தான் அகலமானது, வேகமாக ஓடுவது. கெசட் நாடாவின் அகலமோ 3.81 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 4.76 சென்ரிமீட்டர். லூ ஒட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் குழு பிலிப்ஸ் நிறுவனத்துக்காக அதை உருவாக்கி 1963இல் பேர்லின் கண்காட்சியில் வைத்தபோது, பேச்சைப் பதிவு செய்து கொள்ளும் கைக்கருவி என்பதே அதன் முதல் நோக்கம். இசை பின்னர்தான் அதில் ஏறியது. ஆக, ரியாதிலிருந்து உம்மாவுக்குப் பேசிய காக்கா, கெசட்டை அது எதற்காகப் பிறந்ததோ அதற்கே பயன்படுத்தியிருக்கிறார்.

மூளை இட்டு நிரப்பும் குரல்

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஹேர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எங்கள் பாடப்புத்தகம் மீடிறன் என்றும், தமிழ்நாட்டில் அதிர்வெண் என்றும் சொல்வது இதைத்தான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். நடுவயதில் 15,000ஐத் தாண்டிக் கேட்பவர்கள் குறைவு.

இந்த முழு அகலமும் எல்லா ஊடகத்துக்கும் கிடைப்பதில்லை. மின்சாரம் இல்லாமல் பெரிய கூம்புக்குள் பாடிப் பதிந்த ஆரம்பகால கிராமபோன் தட்டுகள் சுமார் 2,500 ஹேர்ட்ஸுக்கு மேல் அதிகம் பிடிக்கவில்லை. 1925இல் மைக் வந்து அதை மாற்றியது. அதே வருடம் டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. மத்திய அலை வானொலிக்கு ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடம். அதனால் அதில் வரும் பாட்டு ஏறத்தாழ 4,500 ஹேர்ட்ஸில் வெட்டப்பட்டுவிடும். பழைய தொலைபேசி இன்னும் ஒடுக்கமானது: 300 முதல் 3,400 வரை.

இங்கே ஒரு புதிர். ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை மீடிறன் சுமார் 100 முதல் 130 ஹேர்ட்ஸ். தொலைபேசி 300க்குக் கீழே எதையும் அனுப்பவில்லை. அப்படியென்றால் வாப்பாவின் கனத்த குரல் தொலைபேசியில் எப்படிக் கனமாகவே கேட்டது?

குரல் ஒற்றை அதிர்வாக வருவதில்லை. அடிப்படை 110 என்றால் கூடவே 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகளும் வருகின்றன. 330, 440, 550 மட்டும் காதுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவற்றுக்கிடையே உள்ள 110 என்ற ஒழுங்கை மூளை கண்டுபிடித்து, வராத அடிப்படையை வந்ததாகவே கேட்கிறது. உள்ளங்கை அகலமுள்ள ஸ்பீக்கர் கொண்ட ட்ரான்சிஸ்டர் வானொலி ஒரு தலைமுறைக்கே இசை கற்றுக்கொடுத்தது இந்த உதவியால்தான். பாதி வேலையை வானொலி செய்தது. மீதியைக் கேட்டவர்களின் மூளை செய்தது.

சில குரல்களுக்கு இந்த ஒடுங்கிய வழி ஒரு தடையே இல்லை. அவற்றைத் தமிழில் ‘கணீர்’ என்கிறோம். சுவீடனின் ஒலியியல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் ஒபெரா பாடகர்களை ஆராய்ந்தபோது, அவர்களின் குரலில் 3,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு சக்திக்குவியல் இருப்பதைக் காட்டினார். பெரிய வாத்தியக் குழுவின் சக்தி 500 ஹேர்ட்ஸ் அளவில் உச்சம் தொட்டுப் பின் இறங்கிவிடும். பாடகரின் குவியல் அந்தத் தாழ்ந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும். மனிதக் காதும் 2,000க்கும் 5,000க்கும் இடையில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது.

இப்போது கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக நடக்கும் அந்த நாட்களில் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டியிருப்பார்கள். கூம்புக்குத் தாழ்ந்த சுருதிகள் வராது. மிக உயர்ந்தவையும் வராது. இடைப்பட்டதை மட்டும் அது வெகுதூரம் எறியும். கணீர்க் குரலின் சக்தி இருப்பதும் அந்த இடைப்பட்ட பகுதியில்தான். ஹனிபாவின் குரல் வானொலியின் 4,500 எல்லைக்குள்ளும் கூம்புக்குள்ளும் கெசட்டுக்குள்ளும் புகுந்து புறப்பட்டு, அலைச் சத்தத்தையும் தாண்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது. அளவுகோல்படி அது தரம் குறைந்த ஒலி. பாட்டின் உயிரோ அந்தக் குறுகிய ஜன்னலின் நேரெதிரே நின்றது.

மின்விசிறி சுழலும் அறை

அப்படியானால் நல்ல ஒலிக்கருவி வீண் செலவா? அதுவும் அவசர முடிவு. தரம் என்பதை அளவுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

காதின் ஆற்றல் வியக்கத்தக்கது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில் செவிப்பறை அசையும் தூரம் ஓர் ஐதரசன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அங்கிருந்து காது வலிக்கத் தொடங்கும் 120 டெசிபெல் வரை போனால் காற்றழுத்தம் பத்து லட்சம் மடங்கு கூடிவிடும். நல்ல பதிவு இந்த வீச்சில் எவ்வளவைத் தாங்குகிறது என்பது ஓர் அளவு.

சாதாரண கெசட்டில் உரத்த ஒலிக்கும் நாடா இரைச்சலுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி சுமார் 50 டெசிபெல். 1982இல் சந்தைக்கு வந்த சிடி, வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதிவைக்கிறது. அது தரும் இடைவெளி 96 டெசிபெல். மீடிறனைப் பொறுத்தவரை, எவ்வளவு உயர்ந்த சுருதி வேண்டுமோ அதன் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷனன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம். 44,100இன் பாதி 22,050. காதின் எல்லை அதற்குள் அடங்கிவிட்டது.

இந்த 96ஐ எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்ப்போம். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. விசிறி, தெரு, தூரத்துக் கடல் எல்லாம் சேர்ந்து அறையில் எப்போதும் 45 டெசிபெல் என்று கொள்வோம். பதிவின் மிக மெல்லிய ஒலி இதற்குக் கீழே போனால் கேட்காது. அந்த மெல்லிய ஒலியை 45க்கு உயர்த்தினால், மிக உரத்தது 45உம் 96உம் கூடி 141 ஆகிவிடும். அது காதைக் கெடுக்கும் ஒலி. சிடி தரும் முழு இடைவெளியையும் எந்த வீட்டிலும் யாரும் பயன்படுத்துவதில்லை. அதைவிட நுட்பமான படிகளில் எழுதும் 24 பிட் பதிவுகளின் கூடுதல் இடைவெளி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு மெய்யான உதவி. கேட்பவரின் வீட்டில் அது விசிறியின் காற்றோடு போய்விடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவு பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்திக் கேட்டால் 10, 15 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கும். எந்த விலையுயர்ந்த கம்பியும் அவ்வளவு தராது.

பெயர் தெரியாமல் கேட்டால்

“எனக்கு வித்தியாசம் தெரிகிறதே” என்பவர்களின் அனுபவத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது. அதைச் சோதிக்க வழி உண்டு. எந்தக் கருவி ஒலிக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியாமல், மாற்றுபவருக்கும் தெரியாமல் கேட்க வேண்டும். இரண்டின் உரப்பும் மயிரிழை பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். ஏனெனில் காது, சற்று உரத்ததை ‘உரம்’ என்று உணராமல் ‘தெளிவு’ என்றும் ‘உயிர்’ என்றும் உணர்கிறது. பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, ஒலி தணியும்போது காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக மறைகின்றன. குமிழை ஒரு நூல் கூட்டினாலே பாட்டின் அடித்தளம் நிறைந்துவிடும்.

2007இல் வெளியான மேயர், மோரன் ஆகியோரின் ஆய்வு இப்படிச் செய்யப்பட்டது. உயர்தரப் பதிவு ஒருபுறம். அதையே சிடியின் தரத்துக்குச் சுருக்கியது மறுபுறம். 554 தடவை கேட்டதில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் யோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது 52.3 வீதம் சரி என்று கிடைத்தது. நன்கு பயிற்றப்பட்ட காதுகளுக்கு அது 60 வீதத்தை எட்டியது. ஆகவே வித்தியாசம் முற்றாக இல்லை என்று அறிவியல் சொல்லவில்லை. இருந்தால் அது மிகச் சிறியது, தேடிப் பிடிக்க வேண்டியது என்கிறது.

2022இல் இன்னொரு பாடம் கிடைத்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் மூல நாடாக்களிலிருந்து எடுத்து வெளியிட்ட விலைமதிப்புள்ள இசைத்தட்டுகளை, டிஜிட்டல் கலக்காத தூய ஒலிக்கு இலக்கணம் என்று தீவிர ஒலி ரசிகர்கள் பாராட்டி வந்தார்கள். 2011 முதலே அவற்றில் பல ஒரு டிஜிட்டல் படியைக் கடந்துதான் உருவாகின என்று அந்த வருடம் தெரியவந்தது. தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. ஒலியைப் பாராட்டியதில் பிழையில்லை. கேட்டவர்கள் தங்கள் காதுக்குத் தெரிந்ததாக நம்பியது, அட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. காதும் நம்பிக்கையும் மூளையில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இது எவருடைய குறையுமல்ல, மனிதர் கேட்கும் விதத்தின் இயல்பு. காக்காவின் பாட்டை உம்மா கேட்டதும் அதே வீட்டில் இருந்துதான்.

கருவிக்காகப் பிறந்த பதிவுகள்

கொழும்பில் நான் கேட்ட தட்டு ‘ஜாஸ் அட் த போன்ஷொப்’. 1976இல் ஸ்டொக்ஹோமின் ஸ்டாம்பன் என்ற சிறு விடுதியில் கெர்ட் பாம்கிரான்ட்ஸ் பதிவு செய்தது. குவளை உரசும் சத்தம் வரை அந்த அறை அப்படியே அதில் இருக்கிறது. பதிவுக் கலையில் அது ஒரு சாதனை. கருவி விற்கும் கடைகளில் உலகெங்கும் அதைத்தான் போட்டுக் காட்டினார்கள். டெலார்க் நிறுவனம் 1979இல் வெளியிட்ட சாய்க்கோவ்ஸ்கியின் ‘1812’ தட்டில் மெய்யான பீரங்கி வெடிகளைப் பதிந்திருந்தார்கள். ஊசி பள்ளத்திலிருந்து துள்ளிவிடும் அளவுக்கு அந்த வெடி வலிது. அந்தத் தட்டை வாங்கிய பலர் முதலில் தேடியது பீரங்கியைத்தான்.

அந்த இசைஞர்கள் தேர்ந்தவர்கள். குறை கேட்கும் முறையில் இருக்கிறது. கருவியைச் சோதிக்க இசையைப் போடும்போது, ஜன்னலின் கண்ணாடி எவ்வளவு துலக்கம் என்று பார்க்கிறோம்; வெளியே இருக்கும் வயலைப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம் முற்றினால், கண்ணாடியைக் காட்டுவதற்கு உகந்த வயல்களை மட்டுமே தேடத் தொடங்குவோம்.

மறுபுறம் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ரொபர்ட் ஜோன்சன் 1936, 1937இல் பதிந்த 29 பாட்டுகள் கரகரப்போடுதான் கேட்கின்றன. பின்னால் வந்த ராக் இசைஞர்கள் அந்தக் கரகரப்புக்குள்ளிருந்தே கிற்றார் படித்தார்கள். ஒடுங்கிய ஜன்னலாக இருந்தாலும் வெளியே இருந்தது பெரிய வயல்.

தேவாலயத்தில் நான்கு பேர்

நல்ல பதிவும் நல்ல இசையும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு எங்கள் தீவில் பிறந்த ஒருவரே சாட்சி. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ‘வாட்டர் லிலி அகூஸ்டிக்ஸ்’ என்ற சிறு பதிவகத்தை நடத்தினார். 1992 செப்டெம்பரில் அந்த ஊரின் ஒரு தேவாலயத்தில் அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ரை கூடரையும், மோகன வீணையை உருவாக்கி வாசிக்கும் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டையும் உட்காரவைத்தார். தபேலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி. அரபுத் தோற்கருவியான தும்பெக்கில் கூடரின் பதின்ம வயது மகன் யோக்கிம். இரு மூத்த கலைஞர்களும் சற்று முன்புதான் முதன்முதலாகச் சந்தித்திருந்தார்கள். ஒத்திகை இல்லை. 1993இல் ‘எ மீற்றிங் பை த ரிவர்’ என்று வெளிவந்த அந்தப் பதிவு மறுவருடம் கிராமி விருது பெற்றது.

கவிச்சந்திரன் செய்தது என்ன? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்துப் பின்னர் கலக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, அலன் புளும்லீனின் முறையைக் கையாண்டார். இங்கிலாந்துப் பொறியியலாளரான புளும்லீன், ஒரு நாள் திரைப்படம் பார்க்கும்போது நடிகர் திரையின் ஒரு பக்கம் இருக்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருவதைக் கவனித்தார். 1931 டிசம்பரில் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முன்னும் பின்னும் கேட்டு இரு பக்கங்களிலும் கேட்காத இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று 90 பாகையில் வைப்பது அவர் முறை.

ஒரே இடத்திலுள்ள அந்த மைக்குகள் திசையை உரப்பின் வேறுபாடாகப் பதிகின்றன; ஒலிபெருக்கிகளில் கேட்கும்போது அது காதுகளுக்கிடையே நேர வேறுபாடாகிறது. இடப்பக்க ஒலி வலக்காதுக்கு ஆகக்கூடினால் 0.7 மில்லிசெக்கன் பிந்தி வரும். வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் மூளை உணர்ந்து திசை அறியும். புளும்லீன் முறையில் அறையின் சுவர்களிலிருந்து திரும்பும் எதிரொலியும் தன் திசையோடு பதிவாகிறது. கேட்பவர் அந்தத் தேவாலயத்துக்குள் உட்காருகிறார்.

இந்த முறையில் பின்னர் திருத்த வழியில்லை. ஒருவர் தவறினால் நால்வரும் மீண்டும் வாசிக்க வேண்டும். ஆகவே வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். தொழில்நுட்பம் விதித்த கட்டுப்பாடே இசையை உயர்த்தியது. அந்தத் தட்டில் கம்பியில் உருளை வழுக்கும் ஓசை துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் கேட்டு முடித்தவர் மனதில் நிற்பது இரண்டு மனிதர்களின் உரையாடல்.

இதே பதிவகம் 1996இல் விஸ்வ மோகன் பட்டையும் பலஸ்தீன ஊத் கலைஞர் சைமன் ஷாஹீனையும் சேர்த்து ஒரு தட்டு வெளியிட்டது. பெயர் ‘சல்தனா’. சுல்தான் என்ற சொல்லின் வேரிலிருந்து வரும் அந்தச் சொல்லை, ராகத்துக்குள் கலைஞர் முழுதாக அமிழ்ந்து, கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நிலைக்கு அரபு இசைஞர்கள் வழங்குகிறார்கள். டெசிபெலாலும் ஹேர்ட்ஸாலும் அளக்க முடியாத அந்த நிலைக்கு அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. பதிவின் தரத்துக்கு வேலை, அந்த நிலை கைகூடும்போது குறுக்கே நிற்காமல் இருப்பது.

எங்கள் கரையின் ஒலிகள்

இந்தக் கரையோரத்தின் இசை பெரும்பாலும் குரலும் தோலும் கம்புமாக இருந்து வந்தது. வயலிலும் வீட்டிலும் பாடிய கவி; றமழான் இரவில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் றபான்; விழாக்களில் பொல்லடி. எளிமையான ஒலிகள் என்று தோன்றும். பதிவுப் பொறியியல் எதிர்மாறாகச் சொல்கிறது.

எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியர் கார்ல்ஹைன்ஸ் பிரண்டன்பேர்க், தன் கணிதம் வாத்தியக் குழுக்களை நன்றாகச் சுருக்கியதைக் கண்டு திருப்தியோடு இருந்தபோது, சுசான் வேகாவின் ‘டொம்ஸ் டைனர்’ என்ற பாட்டைக் கேட்டார். வாத்தியமே இல்லாத தனிக் குரல். அதைச் சுருக்கியபோது குரல் சிதைந்தது. எம்பி3, உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லியவற்றை வீசிவிட்டு இடம் மிச்சம் பிடிக்கிறது. தனிக் குரலில் ஒளிய நிழலில்லை. அந்தப் பாட்டு சரியாக வரும்வரை அவர் கணிதத்தைத் திருத்தினார். ஓர் உம்மம்மா பாடும் கவி, ஒரு முழு வாத்தியக் குழுவைவிடக் கடினமான பரீட்சை.

கம்புகள் மோதும் ஒலியும் அப்படியே. ஸ்பெயின் நாட்டின் காஸ்டனெட் தட்டல் சுருக்கும் முறைகளைச் சோதிக்கும் பெயர்பெற்ற ஒலி. நிசப்தத்திலிருந்து திடீரென்று எழும் தட்டலைக் கணிதம் பரப்பிவிடுவதால், தட்டலுக்கு முன்னரே மங்கலான ஓர் எதிரொலி கேட்கும். பொல்லடியின் கம்புகளும் இதே வகை. றபான் தோலின் அதிர்வுகளோ 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கு மடங்கில்லாத விகிதங்களில் பிரிகின்றன. அதன் ‘தும்’ ஒரு சுருதியாகத் திரளாமல் நெஞ்சில் விழுவது அதனால்தான். சஹர் நேரத்தில் நிலத்தருகே காற்று குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து நிலத்துக்கே திரும்புகிறது. இரண்டு தெரு தள்ளிப் போன பாவா இன்னும் வாசலில் நிற்பதுபோலக் கேட்பது இதனாலும்தான்.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்தக் கரையின் முஸ்லிம் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் பிழைத்தன. பாடிய தொண்டையின் இழைவும், எங்கே மூச்சு விட்டார்கள் என்பதும் அச்சில் ஏறாது. அவற்றுக்குப் பதிவுதான் வேண்டும், அதுவும் நல்ல பதிவு. இசையின் பெறுமதி தரத்தால் வருவதில்லை என்று இதுவரை சொன்னேன். பெறுமதியுள்ள இசை தரமான பதிவைக் கோரும் உரிமை உடையது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். உலகின் மிகச் சிறந்த மைக்குகள் எத்தனையோ வெற்றுத் தட்டுகளுக்கு உழைத்திருக்கின்றன. எங்கள் கவி பாடிய கிழவிகளுக்கு முன்னால் ஒன்றும் வைக்கப்படவில்லை.

துருவின் நன்மை

2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் ஏறி வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த இழப்பின் முன் கெசட்டுகளைப் பற்றிப் பேச நா எழாது. ஆனால் போனவர்களின் குரல் இருந்தது அந்தக் கெசட்டுகளில்தான்.

சேற்றில் கிடந்தவற்றைப் பலர் எறிந்துவிட்டார்கள். உப்பு நீர் பட்டால் அழிந்துவிடும் என்று நினைத்தோம். உண்மை வேறு. உப்பு நீருக்குக் காந்தத்தை அழிக்கும் சக்தி இல்லை. நாடாவிலுள்ள துகள் ஏற்கெனவே ஒட்சைட், அதாவது ஒருவகைத் துரு. அது மேலும் துருப்பிடிக்க மாட்டாது. கெடுவது கூடும் திருகும் பஞ்சும். பின்னர் பூஞ்சணம் பிடிக்கும், துகளை ஒட்டிவைத்த பசை ஈரத்தில் இளகும். நனைந்த நாடாவை வடித்த நீரில் கழுவி, வெயிலோ சூடோ காட்டாமல் நிழலில் உலர்த்தி, வேறு கூட்டுக்குள் மாற்றினால் பெரும்பாலும் பேசும். இன்றும் அலுமாரிகளில் பூஞ்சணத்தோடு கிடப்பவற்றுக்கு இது பொருந்தும். பழைய கருவியின் தலையைச் சுத்தம் செய்து, தலையின் சாய்வைத் திருத்தும் சிறு திருகைச் சரிபார்த்த பிறகே ஓட விடுங்கள். சாய்வு பிசகினால் மேல் சுருதிகள் மங்கிவிடும்.

இனிப் பதியப்போகிறவர்களுக்குக் கைத்தொலைபேசியே போதும். வினாடிக்கு 48,000 அளவில், சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பாயும் தலையணையும் உள்ள அறை நல்லது. வெறுஞ் சுவர் அறை எதிரொலிக்கும். மைக்கைப் பாடுபவருக்கு அருகில் கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் உயரும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். மிக உரத்த இடத்திலும் மேல் எல்லையைத் தொடாமல் இடம் விடுங்கள்.

காக்கா இப்போது ஊரில் இருக்கிறார். உம்மா இல்லை. அந்தக் கெசட்டைச் சென்ற வருடம் கணினியில் ஏற்றினேன். இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருந்தது. ஒரு பொத்தானில் எல்லாம் துடைத்துப்போனது. காக்காவிடம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “உம்மா கேட்டது இது இல்லயே தம்பி” என்றார்.

இரைச்சலோடு ஒரு பிரதி, இல்லாமல் ஒரு பிரதி என்று இரண்டையும் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு நாங்கள் போடுவது கடல் இரையும் பிரதியை.